தூக்கியவர் கையொப்பம்

மேலதிகாரி பட்நாகர் சாகிப் கொடுத்த காகிதத்தில் பதினொரு விதிகள் இருந்தன. நான்காவதன் கீழ் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பன்னிரண்டு மாதம் முடியும்வரை நாய்க்குட்டி மாடிப்படி ஏறவோ இறங்கவோ கூடாது, உயரத்திலிருந்து குதிக்கவும் கூடாது, இடுப்பு மூட்டு கெட்டுவிடும். மற்றப் பத்துக்கும் கோடு இல்லை.

நல்லசிவம் அதை அலுவலகத்திலேயே மூன்று பிரதி தட்டச்சு செய்துகொண்டு வந்தார். ஒன்றைச் சமையலறைக் கதவிலும் ஒன்றைப் படி தொடங்கும் இடத்துச் சுவரிலும் ஒட்டினார். மூன்றாவதைக் கோப்பில் போட்டார்.

அவருடைய குவார்ட்டர்ஸ் டெல்லி சரோஜினி நகரில் முதல் மாடியில் இருந்தது. பத்தொன்பது படிகள்.

“மாடி வீடுன்னு அவர்ட்டச் சொன்னியளா?” என்று இந்திராணி கேட்டாள். இரண்டரை மாத அல்சேஷன் குட்டி அவள் காலடியில் உட்கார்ந்து சேலைக்கரையை மென்றுகொண்டிருந்தது.

“அவரு கேக்கல.”

“கேக்கலைன்னா சொல்லப்பிடாதா?”

“ஏளா, பத்து மாசந்தான். அவரு பாரின்லேருந்து ட்ரெயினிங் முடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. அவரு சி.ஆர். எழுதுத மனுசன். எங்கிட்ட ஒரு பைல் தொலஞ்சதில்லன்னு நம்பிக் குடுத்திருக்காரு.”

“பைலு மோளாது.”

நல்லசிவம் மத்திய அமைச்சகம் ஒன்றின் விஜிலென்ஸ் பிரிவில் பதினாறு வருடமாக அசிஸ்டெண்ட். செக்‌ஷன் ஆபீசர் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. அந்தப் பதவி உயர்வுக்கான சி.ஆர்., அதாவது இரண்டு வருடத்து ரகசியக் குறிப்புகளை, பட்நாகர் எழுதவேண்டியிருந்தது. திரும்பி வரும்போது நாய் நொண்டினால் அந்தக் குறிப்பில் என்ன இருக்கும் என்று அவர் மனைவிக்கு விளக்கவில்லை. அவளுக்கே தெரியும்.

அன்று மாலையே ஒரு ரிஜிஸ்டர் தயாரானது. தேதி, நேரம், இறக்கமா ஏற்றமா, தூக்கியவர், கையொப்பம். காலையிலும் இரவிலும் அவர் தூக்குவார். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் இந்திராணி தூக்கவேண்டும். கட்டிலிலிருந்து குட்டி குதித்துவிடக்கூடாது என்று கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தார்கள். இருவரும் தரையில் படுத்தார்கள். மொசைக் தரை வழுக்கும் என்பதால் ரேஷன் கடைச் சாக்குகளைப் பிரித்து, முன்னறையிலிருந்து சமையலறைவரை விரித்துத் தைத்தார்கள். மே மாதத்தில் லூ என்ற அனல்காற்றில் சாக்கிலிருந்து கோதுமைத் தூசி பறந்தது. வீட்டில் யாராவது தும்மிக்கொண்டே இருந்தார்கள்.

சாகிப் வைத்த பெயர் புரூனோ. இந்திராணி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “எய்யா, இங்ஙன வா” என்றால் வந்தது.

மாடியில் எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்தவர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள். ஆகவே அந்தப் படியில் நடப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். படியின் இடதுபக்கச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியது. இந்திராணியின் உள்ளங்கை தேய்த்த கோடு. மூன்று வருடத்துக்கு முன்பு, மாடிக்குத் தண்ணீர் ஏறாத ஒரு செப்டம்பர் காலையில், கீழ்க் குழாய்க்குப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவள் இந்தப் படியில் விழுந்தாள். அப்போது ஐந்து மாதம். அதற்குப் பிறகு குழந்தை இல்லை. அதற்குப் பிறகு சுவரைத் தொடாமல் அவள் இறங்கியதும் இல்லை.

முதல் மாதம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். ஒரு படியில் உட்காருவாள், அடுத்த படிக்கு நழுவுவாள். சேலையின் பின்பக்கம் நைந்து போயிற்று. ஆகஸ்டில் குட்டி பதினெட்டு கிலோ ஆனது. மடியில் நிற்கவில்லை.

கீழ்வீட்டு மார்கரெட்தான் ஒருநாள் அதைப் பார்த்தாள். நாசரேத்துக்காரி, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் தேவநேசன் தபால் இலாகாவில் இருந்தான், மாதத்தில் பாதி நாள் டூரில் இருப்பான்.

“ஏ பிள்ள, என்ன இது, சறுக்கு வெளையாடுத?”

“ரெண்டு கையாலயும் தூக்குனா செவத்தப் பிடிக்க முடியலக்கா.”

மார்கரெட் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு விழுந்தவளை டாக்ஸியில் போட்டுக்கொண்டு போனவள் அவள்தான். உள்ளே போய் ஒரு பழைய படுக்கைவிரிப்பை எடுத்து வந்தாள். இரண்டாக மடித்து, நடுவில் நாயைக் கிடத்தி, ஒரு முனையை முடிச்சுப்போட்டு இந்திராணியின் தோளில் மாட்டினாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரில நோயாளியக் கட்டில் மாத்துத மாதிரிதான். கனமெல்லாம் தோள் பாத்துக்கிடும். ஒரு கை காலியாயிட்டுல்லா? அது செவத்துக்கு. நான் முன்ன எறங்குதேன். வா.”

அப்படித்தான் நடந்தது. இரவு ட்யூட்டி முடித்து வந்து தூங்கி எழுந்த மார்கரெட் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மாடிக்கு வருவாள். ரிஜிஸ்டரில் இந்திராணியின் கையெழுத்து மட்டும் இருந்தது. மார்கரெட் வீட்டில் கவிச்சி சமைப்பார்கள். நாய்க்கு அங்கே ருசி பழகிவிடும் என்று நல்லசிவம் முதல் வாரமே சொல்லியிருந்தார். அவள் பெயரை எழுதினால் கேள்வி வரும். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் ஒன்பது கேள்வி வரும் என்று இந்திராணிக்குத் தெரியும்.

நாய் நன்றாக வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லசிவம் அதை மார்க்கெட் பக்கம் அடுப்புக்கரிக் கடைத் தராசுக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்து எடையைச் சொல்வார். காகிதத்தின்படி பன்னிரண்டாம் மாதம் முப்பது கிலோ இருக்கவேண்டும். நவம்பர் தொடக்கத்தில், எட்டாவது மாதத்தில், முப்பத்துநாலு.

“டார்கெட்ட நாலு மாசம் முன்னாலயே தாண்டியாச்சு” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவள் கேட்டு நாளாகியிருந்தது.

நவம்பர் மூன்றாம் வாரம், கீழ்வீடுகளில் எல்லோரும் ஏஷியாட் பார்க்கக் கலர் டி.வி. வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் காலையில் நாய் சாக்கிலிருந்து எழுந்தது. இடது பின்னங்காலைத் தரையில் வைக்கவில்லை. நாலு அடி நடந்தபிறகு வைத்தது. உட்காரும்போது ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது.

நல்லசிவம் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு வந்து நின்றார்.

“இது என்னைலேருந்து?”

“இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“நேத்து?”

“நேத்து நல்லாத்தான் நின்னுச்சு.”

“நேத்து மத்தியானம் யாரு தூக்குனா?”

“நாந்தான். கையெழுத்துப் போட்டிருக்கேம்லா.”

“போட்டிருக்க. அதனாலதான் கேக்கேன்.” ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். “முப்பத்துநாலு கிலோ. எனக்கே மேல வரதுக்குள்ள மூச்சு முட்டுது. ஒன் ஒடம்பு மொத்தமே நாப்பத்தஞ்சு தேறாது. எப்பிடித் தூக்குத?”

“தூக்கச் சொன்னியள். தூக்குதேன்.”

“எப்பிடின்னு கேட்டேன்.”

“கையாலதான்.”

“நடக்க விட்டிருக்க.”

“விடல.”

“ஒரு நாளு, ரெண்டு நாளு, முடியலன்னு விட்டிருப்ப. சொன்னா நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. உண்மை தெரியணும், அவ்வளவுதான்.”

முகத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது. இந்திராணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபீசில் எதிரே நிற்கும் ஆட்களிடம் அவர் இதே வாக்கியத்தைச் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மை தெரியணும், அவ்வளவுதான்.

அவர் போனபிறகு நாயை மடியில் சாய்த்து இடுப்பைத் தடவிப்பார்த்தாள். அது அவள் முழங்கையை நக்கியது. இடுப்பு என்று காகிதத்தில் படித்த அன்றே அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. இடுப்பு எலும்புக்கு அவர்கள் ஊரில் உளுந்தங்களிதான். அவள் பெரியவளானபோது நாற்பது நாள் அம்மா கிண்டிப் போட்டாள். மார்கரெட் வீட்டு உடன்குடிக் கருப்பட்டி, கரோல் பாக் கடையில் வாங்கிய நல்லெண்ணெய், வறுத்து அரைத்த உளுந்து. ஜூனிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு ஓர் உருண்டை. இப்போது இரண்டு. ஒன்பதாவது விதி, எழுதியதைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக்கூடாது என்றது. அதற்குக் கோடு இல்லை. களி என்ன, விஷமா?

அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. ஐந்து மாதத்தில் அவளுக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள். எறிய மனம் வராமல் வைத்திருந்தாள். அதையும் களியோடு பொடித்துப் போட்டாள். பாட்டில் தீர்ந்ததும் டிஸ்பென்சரிக்குப் போய் முழங்கால் வலி என்றாள். நிமிர்ந்து பார்க்காமலே டாக்டர் எழுதிக்கொடுத்தார். அன்று கால் நொண்டியதைப் பார்த்தபிறகு, இரண்டு மாத்திரையை நாலாக்கினாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தபோது மேல்படிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். குனிந்து விரலால் தொட்டாள். பிறகு உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தாள். பாதி காலி.

மார்கரெட் படுக்கைவிரிப்போடு ஏறி வந்தாள். “என்ன பிள்ள, படியில கோலம் போடப் போறியா?”

“எனக்குப் பொறி வச்சிருக்காவ.”

“யாரு, அண்ணாச்சியா?” மார்கரெட் பொடியைப் பார்த்தாள். ஏறி வந்த தன் செருப்புத் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. “எம்மா, மாட்டிக்கிட்டனே. தூத்துப் போட்டுருவமா?”

“தூத்தா, தூத்ததும் தப்பாப் போயிரும். நடங்க.”

விரிப்பில் நாய் கிடந்து மேலே பார்த்தது. இருவரும் பொடிமேல் நடந்து இறங்கினார்கள். இந்திராணி ஒவ்வொரு படியிலும் பாதத்தை முழுவதுமாக ஊன்றி வைத்தாள்.

மாலையில் நல்லசிவம் வழக்கத்தைவிட முன்னதாக வந்தார். படியில் குந்தி உட்கார்ந்து, ஒரு தாளில் தடங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டார். நாயின் கால் தடம் ஒன்றுகூட இல்லை. அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை. வெறுங்கால் ஒன்று, ரப்பர் செருப்பு ஒன்று. செருப்பு பெரிசு. தாளை மடிக்காமலே கீழே இறங்கிப்போய்த் தட்டினார்.

“நர்ஸம்மா, ஒங்க செருப்பக் கொஞ்சம் காட்டுங்க.”

“எதுக்கு அண்ணாச்சி, தச்சுத் தரப் போறியளா?”

“இன்னைக்கு மாடிக்கு வந்தியளா?”

“வந்தேன்.”

“எதுக்கு?”

“ஒங்க நாயத் தூக்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார். “எத்தன நாளா?”

“ஆகஸ்டுலேருந்து.”

“ரிஜிஸ்டர்ல ஒங்க பேரு ஏன் இல்ல?”

“எழுதுனவட்டக் கேளுங்க. இல்லன்னா எழுத வச்சவர்ட்டக் கேளுங்க.”

“நாயி ஒங்க வீட்டுக்குள்ள வருமா?”

“வரும்.”

“கட்டில்ல ஏறுமா? குதிக்குமா?”

“எங்க வீட்டுக் கட்டில்ல நான் படுக்கதுக்கே நேரமில்ல, அண்ணாச்சி.”

“வெளையாட்டுப் பேச்சு வேண்டாம். ஒரு சீவனோட காலு. இத்தன நாளு ரெண்டு பேரும் மறச்சிருக்கியள்னா இன்னும் என்ன மறச்சிருக்கியளோ. நாளைக்கு லீவு போட்டுருக்கேன். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். டாக்டர் முன்னால ரெண்டு பேரும் சொல்லணும்.”

“வாரேன். சாட்சிக் கூண்டு இருக்கா அங்ஙன, ஏறி நிக்க?”

இந்திராணி மாடிப்படி முனையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு தரையில் இரண்டு படுக்கைக்கும் நடுவில் நாய் படுத்திருந்தது. அது புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகியது. இருவரும் விழித்தேதான் கிடந்தார்கள்.

ஸ்டாண்டு டாக்ஸியில் போனார்கள். முன்சீட்டில் நல்லசிவம் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்சீட்டில் இரண்டு பெண்கள், மடி நிறைய நாய். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டத்தில் விறைத்துப் போய் நின்ற மனிதர்கள் டயர் எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வயதான சர்தார்ஜி. ஸ்வெட்டரில் வைக்கோல் ஒட்டியிருந்தது, எருமை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாயை மேஜைமேல் ஏற்றவில்லை. தானே தரையில் உட்கார்ந்தார். பின்னங்கால் ஒவ்வொன்றையும் நீட்டி மடக்கிச் சுழற்றினார். பிறகு விலாவில் விரல்களைப் பதித்துத் தேடினார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் ஈரத்தோடு வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்.

“என்ன சாப்பிடுகிறது?”

நல்லசிவம் கோப்பைத் திறந்து பட்டியலை நீட்டினார். நாலு சப்பாத்தி, அரை லிட்டர் பால், வேகவைத்த காய்கறி, வாரத்துக்கு இரண்டு முட்டை.

டாக்டர் பட்டியலைப் படித்தார். நாயைப் பார்த்தார். “பாபுஜி, இந்த உடம்பு இந்தக் காகிதத்தைத் தின்று வந்ததில்லை.”

“மாடிப்படி, டாக்டர் சாப். மாடிப்படியைப் பற்றித்தான் நான்...”

“படி பிறகு. முதலில் வயிறு. யார் யார் என்ன போடுகிறீர்கள்?”

அறையில் குளோரின் வாசனை அடித்தது. வெளியே ஒரு கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. மார்கரெட்தான் முதலில் பேசினாள். “எலும்பு. தினமும் ராத்திரி ட்யூட்டிக்குப் போகும் முன்னால் சூப்பு வைத்த ஆட்டெலும்பு. மீன் வாங்கினால் தலை. இவர்கள் வீட்டில் சுத்த சைவம், வளர்கிற பிராணி காய்ந்து போகுமே என்று.”

நல்லசிவத்தின் முகம் சற்றுத் தெளிந்தது. “பாத்தியா” என்று தமிழில் சொன்னார். “எனக்குத் தெரியும்.”

டாக்டர் இந்திராணியைப் பார்த்தார். அவளுடைய ஹிந்தி காய்கறிக்காரனிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். “உரத் தால். பீஸ்கர். தில் கா தேல். குட்.” உளுந்தை அரைத்து, நல்லெண்ணெயும் வெல்லமும் சேர்த்து என்று, கையால் உருண்டை பிடித்துக் காட்டினாள். இரண்டு விரல் நீட்டினாள். பிறகு பர்ஸிலிருந்து டிஸ்பென்சரி மாத்திரைக் கவரை எடுத்துக் கொடுத்தாள். நாலு விரல்.

டாக்டர் கவரைத் திருப்பிப் பார்த்தார். “கிட்டத்தட்ட இதேமாதிரி எங்கள் வீட்டிலும் செய்வோம், மகளே. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது.”

இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னும்?” என்றார் டாக்டர்.

டாக்டர் மறுபடி விலாவில் விரலைப் பதித்தார். “இன்னும் இருக்கிறது. இது போதாது இவ்வளவு கொழுப்புக்கு.”

நல்லசிவம் கோப்பின் நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார். “ஞாயிற்றுக்கிழமை” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “கரிக்கடைக்கு அடுத்தாப்பில் கசாப்புக் கடை. அரைக் கிலோ ஈரல். எடை போடுவதற்கு முன்னால். தினமும் காலையில் வாக்கிங் போகும்போது ஒரு பாக்கெட் வெண்ணெய்.”

மார்கரெட் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்திராணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கசாப்புக்கடை இருக்கும் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கிற மனிதர். அரைக் கிலோ ஈரலைக் கையால் வாங்கிக் கையால் ஊட்டியிருக்கிறார்.

டாக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை மூவரும் பார்க்கும்படி பிடித்தார். “இது கிண்ணம். இது பந்து. எலும்பு இன்னும் பிஞ்சு. பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார ஒரு வருடம் ஆகும். படியும் குதிப்பும் அதை அசைக்கும், உண்மை. உங்கள் சாகிப் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் பன்னிரண்டாம் மாதத்து உடம்பை எட்டாம் மாதத்து எலும்பின்மேல் ஏற்றிவைத்தால், அது சும்மா நின்றாலே படி ஏறுகிற மாதிரிதான். மாத்திரையும் கெடுதல்தான். வளர்கிற எலும்பில் சுண்ணாம்பைக் கொட்டினால் அது தாறுமாறாக வளரும். மூன்று பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய், மூன்று பேரும் சேர்ந்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்.”

“சரியாகுமா?” என்று இந்திராணி கேட்டாள். தமிழில் கேட்டாள். டாக்டருக்குப் புரிந்தது.

“கிண்ணம் இன்னும் கெடவில்லை. பாதிச் சாப்பாடு. மாத்திரை கிடையாது. சமதரையில் கயிற்றோடு மெதுவாக நடை. படி கிடையாது. மார்ச்சில் சொல்கிறேன்.”

வீட்டுக்கு வந்து நாயை மூன்று பேராகவே மாடிக்குத் தூக்கினார்கள். மார்கரெட் கீழே போனபிறகு நல்லசிவம் சாக்குமேல் உட்கார்ந்தார். அவருக்குச் சொல்வதற்கு வேறு ஏதோ இருந்தது. வந்தது கேள்விதான்.

“நர்ஸம்மா வந்து தூக்குதான்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ரெண்டு கையும் அதுக்குப் போயிட்டா, செவத்த எதால பிடிக்க?”

அவருக்குப் புரியவில்லை. எழுந்து கதவைத் திறந்து படிச்சுவரைப் பார்த்தார். மூன்று வருடமாகத் தினமும் ஏறி இறங்கிய படி. கோட்டை அப்போதுதான் பார்த்தார்.

“இம்புட்டு நாளா இப்பிடித்தான் எறங்குதியா?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரில வந்து கேட்டியள். பக்கெட்ட ஒன்னைய யாரு எடுக்கச் சொன்னான்னு. நாந்தான் சாயங்காலம் வந்து தூக்கி வைக்கேன்னு சொன்னேம்லா, ஏன் எறங்குனன்னு கேட்டியள். எப்பிடி விழுந்தன்னு கேக்கல.”

அவர் கதவருகிலேயே நின்றார். இந்திராணி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாள் காலை ரிஜிஸ்டரில் ‘தூக்கியவர்’ என்ற இடத்தில் அவரே இரண்டு பெயர் எழுதியிருந்தார். திருமதி இந்திராணி, திருமதி மார்கரெட் தேவநேசன். மார்கரெட் அதைப் பார்த்துவிட்டு, “கெஜட்ல போட்டாச்சு” என்று சொல்லி நீளமாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் சந்தேகம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. அது படியிலிருந்து சமையலறைக்கு இடம் மாறியது. டிசம்பர் முழுவதும் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லசிவம் வாக்கிங்கிலிருந்து வந்தால் இந்திராணி அவர் விரல்களை முகர்ந்தாள். அவள் உளுந்து வறுத்தால், “தோசைக்கா?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. மார்கரெட் மீன் வாங்கிய நாட்களில் தலையைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து, குப்பைத்தொட்டியில் போடுவதை இருவரும் பார்க்கும்படி போட்டாள். நாய் யாருக்கும் உதவவில்லை. பசியோடு ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து, மற்ற இருவரும் ஏற்கெனவே கொடுத்ததைப்போலவும் இவர்தான் பாக்கி என்பதைப்போலவும் பார்த்தது.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நாய்க்கு ஒரு பருக்கைகூடப் போடவில்லை. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

ஜனவரி கடைசியில் கரிக்கடைத் தராசு இருபத்தொன்பது காட்டியது. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. பிப்ரவரியில் ஒரு காலையில் நாய் எழுந்து, நாலு காலையும் ஊன்றி, நேராகச் சமையலறைக்கு நடந்து வந்தது. இந்திராணி சொல்லாமல் இருந்தாள். நல்லசிவமும் பார்த்தார், சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் நொண்டிவிடுமோ என்று இருவருக்கும் பயம். மூன்றாம் நாள் மார்கரெட் சொன்னபிறகுதான் பேசினார்கள். மார்ச் முதல் வாரம் சர்தார்ஜி காலைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “அச்சா” என்று மட்டும் சொன்னார்.

பட்நாகர் சாகிப் மார்ச் இருபதாம் தேதி திரும்பினார். அவர் வரவில்லை. டிரைவரையும் காரையும் அனுப்பினார். தெருவில் இலவம்பூக்கள் கொட்டிக் கிடந்தன, கார் அவற்றை நசுக்கிக்கொண்டு வந்து நின்றது. நல்லசிவம் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கையில் ரிஜிஸ்டரும் எக்ஸ்ரேயும் டாக்டர் சீட்டும் அடங்கிய கோப்பு. டிரைவர் மாடிக்கு வரவில்லை, கீழே படியடியில் நின்று அண்ணாந்து கூப்பிட்டான்.

“பாபுஜி, புஸ்தகமெல்லாம் எதற்கு? சங்கிலியும் நாயும் போதும். ஜல்தி.”

நல்லசிவம் பழக்கத்தில் குனிந்து நாயின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தார்.

“அரே பாபுஜி, இது நாயா, டோலியில் போகிற கல்யாணப் பெண்ணா? இறக்கி விடுங்கள், தானே வரும். ஒரு வயசு ஆகவில்லையா?”

ஆகியிருந்தது. மார்ச் மூன்றாம் தேதியோடு பன்னிரண்டு மாதம் முடிந்திருந்தது. நான்காவது விதி இப்போது இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். நாயை மேல்படியில் விட்டார்.

நாய் நின்றது. கீழே பார்த்தது. பத்து மாதமாக அந்தப் படியைத் தினமும் நாலு தடவை மேலிருந்து பார்த்திருக்கிறது, ஒருமுறைகூட மிதித்ததில்லை. முன்காலை ஒரு படி கீழே நீட்டியது. திரும்ப எடுத்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டது.

டிரைவர் விசிலடித்தான். நாய் காதை மட்டும் நிமிர்த்தியது. அவன் சிரிப்பை நிறுத்தி, “காலில் ஏதாவது கோளாறா?” என்று கேட்டான். “சாகிப் கேட்பார். நான் பார்த்ததைத்தான் சொல்வேன்.”

“ஒன்றும் இல்லை” என்றார் நல்லசிவம். கோப்பைத் திறக்கப்போனார். அதில் இருந்த எதையும் அந்த மனிதனுக்குக் காட்ட முடியாது என்று தெரிந்து மூடினார்.

இந்திராணி சேலையைக் கொசுவத்தோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். சுவரில் கை வைத்து ஒரு படி இறங்கித் திரும்பி நின்றாள்.

“எய்யா, வா. பையப் பைய.”

நாய் எழுந்தது. முன்கால் இரண்டும் வந்தன. பின்கால் வர நேரமாயிற்று. வந்தது. அவள் இன்னொரு படி இறங்கினாள். அது முகத்தை அவள் முழங்காலில் உரசிக்கொண்டு இறங்கியது. மூன்று. நாலு. ஐந்து.

ஆறாவது படியில் அவள் நின்றுவிட்டாள். நாயும் அவளோடு ஒட்டி நின்றது.

“ஏன் நின்னுட்ட?” என்றார் நல்லசிவம் மேலிருந்து.

“இந்தப் படிதான்.”

அவர் எந்தப் படி என்று கேட்கவில்லை. கோப்பைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அந்தப் படியில் மூன்று பேர் நிற்க இடம் போதவில்லை. பக்கவாட்டில் அவர்களைத் தாண்டி, ஒரு படி கீழே போய், மேலே பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கையையும் சற்று விரித்து வைத்துக்கொண்டார்.

“ம். எறங்கு.”

அவள் ஏழாவது படிக்கு வந்தாள், நாய் வந்தது, அவர் ஏழிலிருந்து எட்டுக்குப் பின்னாலேயே காலால் துழாவி இறங்கினார். அப்படியே ஒவ்வொரு படியாக வந்தார்கள். கீழே டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வருகிற மூன்று பேரில் யாருக்குக் கால் சரியில்லை என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.